பள்ளியே தன் கலைத்திட்டத்தை உருவாக்க: துணை நிற்பவருக்கான முழுமையான வழிகாட்டி

“மாதிரி ஒண்ணு இருந்தா கொடுங்க, பள்ளிப் பேரை மட்டும் மாத்திக்கிறோம்.” தொடக்கப்பள்ளிகளின் கலைத்திட்டப் பணிக்கு உதவப் போகிறவர்களிடம் அநேகமாக முதல் கூட்டத்திலேயே ஆசிரியர்கள் இதைக் கேட்டுவிடுவார்கள். கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. வகுப்பு, பதிவேடு, கூட்டம் என்று ஓடிக்கொண்டிருக்கும் ஆசிரியருக்கு இது இன்னொரு வேலை. மாதிரியைக் கொடுத்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி, கோப்பும் அழகாக அலமாரியில் ஏறிவிடும். வகுப்பறையில் மட்டும் ஒன்றும் மாறாது. அந்தக் கோப்பில் இருக்கும் முடிவுகளில் ஒன்றைக்கூட அந்தப் பள்ளி எடுக்கவில்லையே!

எதை, எந்த வயதில், எந்த வரிசையில், எவ்வளவு ஆழமாகக் கற்பிப்பது, பிள்ளைகள் கற்றார்களா என்று எப்படி அறிவது என்ற முடிவுகள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் இங்கே கலைத்திட்டம் என்று சொல்கிறேன். வெளியிலிருந்து துணை நிற்கும் ஆலோசகர்கள், பயிற்றுநர்கள், வள ஆசிரியர்கள், பக்கத்துப் பள்ளிக்குக் கைகொடுக்கும் தலைமையாசிரியர்கள் ஆகியோருக்காக எழுதியது இது. கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் அடியில் ஓடுவது ஒரே விதி: பேனா கடைசிவரை ஆசிரியர்கள் கையில் இருக்க வேண்டும்.

படி 1: எவ்வளவு சுதந்திரம் இருக்கிறது என்று பாருங்கள்

எந்த நாட்டிலும் தொடக்கப்பள்ளிக்கு முழுச் சுதந்திரம் கிடையாது. ஆனால் பள்ளிகள் நினைப்பதைவிட அதிகமாகவே இருக்கும். பின்லாந்தில் தேசிய அளவிலான அடிப்படைக் கலைத்திட்டம் 2014இல் வெளிவந்து 2016 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அதன் மேல் நகராட்சிகளும் பள்ளிகளும் தங்கள் உள்ளூர்க் கலைத்திட்டத்தைக் கட்டிக்கொள்கின்றன. பல பாடங்களை இணைத்துப் படிக்கும் ஒரு அலகாவது (ஒரே தலைப்பில் சேர்ந்த பாடவேளைகளின் தொகுதி) ஆண்டுதோறும் இருக்க வேண்டும் என்று மட்டும் அது சொல்கிறது. எந்தத் தலைப்பில் என்பது அவர்கள் பாடு. வேல்ஸில் 2022 செப்டம்பர் முதல் தொடக்கப்பள்ளிகளில் நடைமுறையில் இருக்கும் ஏற்பாடு இன்னும் தாராளமானது. நான்கு நோக்கங்களையும் ஆறு கற்றல் பகுதிகளையும் அரசு வகுத்துத் தந்திருக்கிறது. அவற்றுக்குள் பள்ளிதான் தன் கலைத்திட்டத்தை வடிவமைக்க வேண்டும். ஜப்பானில் பாடங்கள் இறுக்கமாக வரையறுக்கப்பட்டிருந்தாலும், ஒருங்கிணைந்த கற்றலுக்கான பாடவேளைகள் என்று 2002 முதல் மூன்றாம் வகுப்பிலிருந்து தனியே உண்டு. அவற்றில் என்ன செய்வது என்பதைப் பள்ளி முடிவு செய்கிறது.

உங்கள் பள்ளி இந்த மூன்றில் எதைப் போலவும் இல்லாமல் இருக்கலாம். அதனால் முதல் அமர்விலேயே ஒரு தாளை எடுத்து மூன்று பத்திகள் போடச் சொல்லுங்கள். முதல் பத்தியில் சட்டமோ அரசாணையோ கட்டாயமாக்கியவை. இரண்டாவதில் பள்ளியே முடிவு செய்யக்கூடியவை. மூன்றாவதில் ‘கட்டாயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், ஆனால் எங்கே எழுதியிருக்கிறது என்று தெரியவில்லை’ என்பவை.

மூன்றாவது பத்தியில்தான் சுவாரசியம் எல்லாம். பாடநூலில் உள்ள வரிசையிலேயே நடத்த வேண்டும், ஒவ்வொரு பாடத்துக்கும் எல்லாக் கேள்விகளையும் குறிப்பேட்டில் எழுத வைக்க வேண்டும், எல்லாப் பாடவேளையும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும், வாரத்துக்கு ஒரு தேர்வு வைக்க வேண்டும் என்று வரிசையாக வரும். இவற்றில் பாதி, எப்போதோ வந்த ஒரு பார்வையாளர் சொன்னதாகவோ முந்தைய தலைமையாசிரியரின் வழக்கமாகவோ இருக்கும். அடுத்த அமர்வுக்குள் அந்தப் பத்தியில் உள்ள ஒவ்வொன்றையும் விதிப்புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள். நீங்களே பார்த்துச் சொல்லிவிடாதீர்கள். தங்களுக்கு இவ்வளவு இடம் இருக்கிறது என்று அவர்களே கண்டுபிடிக்கிறபோது கிடைக்கும் தைரியம் வேறு.

படி 2: குழுவும் நேரமும்

ஆறு பேர் போதும். தலைமையாசிரியர், கீழ்வகுப்பு ஆசிரியர் ஒருவர், மேல்வகுப்பு ஆசிரியர் ஒருவர், மொழியில் ஆர்வமுள்ளவர், கற்றலில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளோடு பழகியவர், அப்புறம் பணிக்குப் புதிதாக வந்த ஒருவர். கடைசி ஆளை விட்டுவிடாதீர்கள். ‘இதை ஏன் இப்படிச் செய்கிறோம்?’ என்று கேட்க அவருக்குத்தான் கூச்சம் இருக்காது. இரண்டு மூன்று ஆசிரியர்களே உள்ள பள்ளி என்றால் பக்கத்தில் இருக்கும் மூன்று நான்கு பள்ளிகளைச் சேர்த்து ஒரே குழுவாக்கலாம். ஆனால் முடிவுகளை ஒவ்வொரு பள்ளியும் தனித்தனியே எடுக்கட்டும்.

தலைமையாசிரியர் ‘நீங்க நடத்துங்க, நான் வந்து எட்டிப் பார்க்கிறேன்’ என்றால் வேலையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது. கால அட்டவணையை மாற்றும் அதிகாரம் உள்ளவர் அறையில் இல்லாதபோது எடுக்கப்படும் முடிவுகள் தாளோடு நின்றுவிடும்.

நேரம் பற்றிய பேச்சை வெட்கப்படாமல் முதலிலேயே பேசிவிடுங்கள். பள்ளி முடிந்த பிறகு களைத்துப்போன ஆட்களை உட்கார வைத்து நடத்தும் கூட்டத்தில் தலையாட்டல்தான் கிடைக்கும். மாதத்துக்கு ஒரு அரைநாள் வகுப்பிலிருந்து விடுவிப்பு, அந்த நேரத்தில் வகுப்புகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஏற்பாடு: இது இல்லாவிட்டால் வேலையின் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எத்தனை முறை வருவீர்கள், எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள் என்பதையும் அரைப் பக்கத்தில் எழுதி இரு தரப்பும் வைத்துக்கொள்ளலாம். ‘ஆவணத்தை நான் எழுதித் தரமாட்டேன்’ என்ற வரி அதில் இருக்கட்டும். நான்காவது மாதத்தில் அது கைகொடுக்கும்.

படி 3: இப்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள்

இந்தப் படியை அவசரப்பட்டுத் தாண்டுகிறவர்கள்தான் அதிகம். இதற்கு ஒரு பருவம் முழுவதும் செலவானாலும் வீண் இல்லை.

எல்லாப் பாடங்களையும் தோண்ட வேண்டாம். ஒரு பாடத்தில் ஒரு இழையை, அதாவது வகுப்புக்கு வகுப்பு வளர்ந்து வரும் ஒரு கருத்தை, எடுங்கள். கணக்கில் ‘நீளத்தை அளத்தல்’ என்று வைத்துக்கொள்வோம். ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஒவ்வொன்றிலும் மூன்று பிள்ளைகளின் குறிப்பேடுகளை வாங்குங்கள். ஒருவர் எளிதாகக் கற்பவர், ஒருவர் நடுவில் இருப்பவர், ஒருவர் திணறுபவர். மேசையில் வகுப்பு வரிசைப்படி பரப்பிவையுங்கள். ஆசிரியர்கள் பேசாமல் பத்து நிமிடம் புரட்டட்டும். அதன்பின் இரண்டே கேள்விகள்: ஆண்டுக்கு ஆண்டு எது வளர்கிறது? எது அப்படியே திரும்ப வருகிறது?

கூடவே ஒரு சின்னச் சோதனை. ஒரு அளவுகோலின் நடுப்பகுதியை மட்டும் படமாக வரைந்து, அதன் மேல் ஒரு பென்சிலை வையுங்கள். பென்சிலின் ஒரு முனை 3இல், இன்னொரு முனை 8இல். பென்சிலின் நீளம் என்ன? இதே கேள்வியை மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகள் மூன்றுக்கும் கொடுங்கள்.

விடை 5 செ.மீ. பலர் 8 என்று எழுதுவார்கள். முனை எந்த எண்ணில் முடிகிறதோ அதுதான் நீளம் என்பது அவர்கள் கணக்கு. சிலர் 6 என்பார்கள். 3, 4, 5, 6, 7, 8 என்று கோடுகளை எண்ணியிருப்பார்கள். இந்த இரண்டு தவறும் ஒன்றல்ல. முதலாமவர் அளவுகோலை ஒரு எண் வரிசையாகப் பார்க்கிறார், தொடக்கப் புள்ளியைப் பற்றி யோசிக்கவே இல்லை. இரண்டாமவருக்குத் தொடக்கப் புள்ளி தெரிகிறது, ஆனால் இடைவெளிகளை எண்ணாமல் கோடுகளை எண்ணுகிறார். இருவரும் ‘சென்டிமீட்டர்’ பாடத்தை முடித்தவர்கள்தான். பாடநூலில் உள்ள படங்களில் பொருள்கள் எல்லாம் பூஜ்யத்திலிருந்தே தொடங்கியதால் தேர்விலும் முழு மதிப்பெண் வாங்கியிருப்பார்கள்.

விடைத்தாள்களை ஆசிரியர்களே பிரித்து அடுக்கட்டும்: 5, 8, 6, மற்றவை. ஐந்தாம் வகுப்பு அடுக்கிலும் 8 கணிசமாக இருந்தால் அறையில் ஒரு அமைதி வரும். அந்த நேரத்தில் நீங்கள் விளக்கம் சொல்ல வாயைத் திறக்காதீர்கள். யாராவது ஒருவர், ‘நாங்க யாருமே ஒரு அலகை வரிசையா அடுக்கி அளக்க வைக்கலையே’ என்று சொல்லுவார். கலைத்திட்ட வேலை உண்மையில் தொடங்குவது அந்த வாக்கியத்தில்தான்.

இதே காலத்தில் வேறு சிலவற்றையும் திரட்டலாம். பிள்ளைகளிடம் ‘போன வருஷம் படிச்சதில் இப்பவும் ஞாபகம் இருக்கிறது எது?’ என்று கேட்டுப் பாருங்கள். பெற்றோரிடம் கருத்துப்படிவம் கொடுப்பதைவிட, பள்ளி விடும் நேரத்தில் நான்கைந்து பேரிடம் நின்று பேசுவது பயன் தரும். பிள்ளைகள் அடுத்துச் சேரப்போகும் உயர்வகுப்புப் பள்ளியின் ஆசிரியர் ஒருவரிடம், ‘எங்கள் பிள்ளைகளிடம் எது குறைகிறது?’ என்று கேளுங்கள். பதில் கொஞ்சம் சுடும், ஆனாலும் கேளுங்கள்.

படி 4: நோக்கங்கள், சுருக்கமாக

‘முழு ஆளுமை வளர்ச்சி’, ‘வாழ்நாள் கற்றல்’, ‘21ஆம் நூற்றாண்டுத் திறன்கள்’ போன்ற சொற்றொடர்கள் இங்கே வரிசைகட்டும். ஒவ்வொன்றையும் ஒரு சோதனைக்கு உட்படுத்துங்கள்: இதற்கு நேர் எதிரானதை எந்தப் பள்ளியாவது தன் நோக்கமாக எழுதுமா? எழுதாது என்றால் அந்த வரி எந்த முடிவுக்கும் உதவாது, அடித்துவிடலாம். ‘ஐந்தாம் வகுப்பு முடிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் தான் படித்த ஒன்றைப் பற்றி ஐந்து நிமிடம் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பேச முடிய வேண்டும்’ என்பது அப்படியல்ல. இதற்கு நேரம் ஒதுக்க வேண்டும், வேறு எதையாவது விட வேண்டும், கீழ்வகுப்பிலிருந்தே பேச்சைப் பழக்க வேண்டும். இப்படிப்பட்ட மூன்று நோக்கங்கள் போதும்.

இதில் ஒரு பழைய கருத்து வேறுபாடு உண்டு. நோக்கங்கள் எவை, அவற்றுக்கான அனுபவங்கள் எவை, அவற்றை எப்படி ஒழுங்குபடுத்துவது, அடைந்தோமா என்று எப்படி அறிவது என்று நான்கு கேள்விகளை 1949இல் அமெரிக்கக் கல்வியாளர் ரால்ஃப் டைலர் முன்வைத்தார். இன்றும் பெரும்பாலான ஆவணங்கள் நோக்கத்தில் தொடங்கிக் கீழே இறங்குகின்றன. அவரோடு பணியாற்றிய, எஸ்டோனியாவில் பிறந்த ஹில்டா தாபா மாறாகச் சொன்னார்: ஆசிரியர்கள் முதலில் சில பாட அலகுகளை உருவாக்கி வகுப்பில் சோதித்துப் பார்க்கட்டும், பொதுவான சட்டகம் அதிலிருந்து எழட்டும். தொடக்கப்பள்ளிகளைப் பொறுத்தவரை என் கட்சி தாபாவின் கட்சி. நோக்க அமர்வை ஒரு அரைநாளில் முடித்துவிட்டு அலகுக்குப் போங்கள். நோக்கத்தின் சொற்களை ஆண்டு முடிவில் திருத்திக்கொள்ளலாம்.

படி 5: ஒரு இழையின் வளர்ச்சி வரைபடம்

இதுதான் மொத்த வேலையின் நடுமையம். ஒரு நீளமான தாளைச் சுவரில் ஒட்டி, வகுப்புகளுக்குக் கட்டங்கள் போட்டு, ஒட்டுச் சீட்டுகளில் எழுதி ஒட்டுங்கள். கணினி வேண்டாம். தட்டச்சு செய்ததை அழிக்க மனம் வராது. சீட்டைப் பிய்த்து அடுத்த கட்டத்தில் ஒட்டுவது எளிது.

நீளத்தை அளக்கும் இழை ஒரு பள்ளியில் இப்படி அமையலாம். முதல் வகுப்பில் நேரடி ஒப்பீடு: இரண்டு குச்சிகளை ஒரு முனை சேர்த்து வைத்து எது நீளம் என்று சொல்வது, பக்கத்தில் வைக்க முடியாத இரண்டை ஒரு நூலின் உதவியால் ஒப்பிடுவது. இரண்டாம் வகுப்பில் ஒரே அளவுள்ள துண்டுகளை இடைவெளி இல்லாமலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலும் அடுக்கி அளப்பது, பிறகு ஆளுக்கொரு அலகு வைத்து அளந்தால் விடை ஏன் மாறுகிறது என்ற சண்டை, அதன் முடிவில் சென்டிமீட்டர். மூன்றாம் வகுப்பில் அளவுகோல், பூஜ்யத்தில் தொடங்காத அளவீடு, மீட்டர், அளப்பதற்கு முன் மதிப்பிடுவது. நான்காவதில் மில்லிமீட்டர், கிலோமீட்டர், சுற்றளவு. ஐந்தாவதில் அலகு மாற்றம், தசமம், பரப்பளவோடு உள்ள தொடர்பும் வேறுபாடும்.

இதை நீங்கள் அச்சடித்துக் கொடுத்தால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். கொடுக்காதீர்கள். மில்லிமீட்டர் மூன்றிலா நான்கிலா என்று அவர்கள் அரை மணி நேரம் வாதாட வேண்டும். வாதத்தில்தான் ‘பத்தாகப் பிரிப்பது இவர்களுக்கு எப்போது வருகிறது?’ என்ற கேள்வி எழும், எண்கள் இழையோடு இது மோதுவது தெரியும். நாட்டின் கலைத்திட்டம் ஒன்றை எந்த வகுப்பில் என்று கட்டாயமாகச் சொல்லியிருந்தால் அதற்குக் கட்டுப்படுங்கள். சொல்லாத இடங்களில் வாதாடுங்கள்.

ஒரே கருத்துக்கு ஆண்டுதோறும் திரும்பி வந்து, ஒவ்வொரு முறையும் ஒரு படி ஆழமாகப் போகும் சுருள் அமைப்பை 1960இல் அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் பரவலாக்கினார். பல பாடத்திட்டங்கள் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே வட்டமடிக்கின்றன, அதாவது அதே பாடம் அதே ஆழத்தில் மூன்று ஆண்டு வருகிறது. சுவரில் உள்ள சீட்டுகளைப் பார்த்து ஒவ்வொரு கட்டத்திலும் ‘போன ஆண்டு செய்ய முடியாத எதை இந்த ஆண்டு செய்ய முடியும்?’ என்று கேளுங்கள். பதில் இல்லாத சீட்டு தேவையற்றதாக இருக்கும், அல்லது அதில் ஏதோ எழுதப்படவில்லை.

‘புரிந்துகொள்வர்’, ‘அறிவர்’, ‘உணர்வர்’ என்று முடியும் சீட்டுகளையும் திருப்பிக் கொடுங்கள். ‘அளவீட்டைப் புரிந்துகொள்வர்’ என்பதைப் பத்து ஆசிரியர்கள் பத்து விதமாக நடத்துவார்கள். ‘3இல் தொடங்கி 8இல் முடியும் பொருளின் நீளத்தைச் சொல்லி, ஏன் என்று விளக்குவர்’ என்பதில் அந்தத் தப்பிக்கும் வழி இல்லை.

ஒரு இழை முடிந்ததும் இன்னொரு பாடத்தில் ஒன்று. வரலாற்றில் ‘காலம்’ நல்ல தேர்வு: நேற்று இன்று நாளையில் தொடங்கி, குடும்பத்தின் மூன்று தலைமுறை, ஊரின் பழைய கட்டடம், நூற்றாண்டு, சான்றுகளை ஒப்பிடுவது என்று வளரும். முதல் ஆண்டில் மூன்று நான்கு இழைகளுக்கு மேல் தொடாதீர்கள். ‘எல்லாப் பாடத்தையும் இந்த வருஷமே முடிச்சிடலாம்’ என்று உற்சாகமாகச் சொல்லும் பள்ளிதான் அடுத்த ஆண்டு ஜூனில் பழைய கோப்பையே தூசி தட்டி எடுக்கும்.

படி 6: எதை விடுவது

சேர்ப்பது எல்லோருக்கும் பிடிக்கும். விடுவதற்கு ஒரு கணக்கு வேண்டும்.

வாரத்துக்கு 5 கணக்குப் பாடவேளை, ஆண்டுக்கு 38 வாரம் என்றால் தாளில் 190 வருகிறது. இதிலிருந்து தேர்வு நாள்கள், விழா ஒத்திகைகள், ஆசிரியர் பயிற்சிக்குப் போகும் நாள்கள், விடுமுறைக்கு முந்தைய அரைகுறை நாள்கள் எல்லாவற்றையும் சென்ற ஆண்டின் பதிவேட்டைப் பார்த்துக் கழிக்கச் சொல்லுங்கள். பல இடங்களில் 150 சொச்சம் மிஞ்சும். அதில் ஆறில் ஒரு பங்கையாவது மீள்பார்வைக்கும் பிந்தியவர்களைக் கூட்டிக்கொண்டு போவதற்கும் ஒதுக்க வேண்டும். கற்றது எவ்வளவு வேகமாக நழுவுகிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885லேயே தன்னைத்தானே சோதித்துக் காட்டிவிட்டார். இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் படிப்பதே நிற்கும் என்பது அதன் பின் வந்த ஆய்வுகளிலும் உறுதியாகியிருக்கிறது. ஆக, புதிய பாடங்களுக்குக் கையில் இருப்பது சுமார் 125 வேளை.

அந்த எண்ணைப் பலகையில் பெரிதாக எழுதிவிட்டு, சுவரில் உள்ள சீட்டுகளுக்கு வேளைகளைப் பங்கிடச் சொல்லுங்கள். கூட்டினால் 170 வரும். இப்போது விடுவதைப் பற்றிப் பேசலாம். வழிகாட்டும் கேள்விகள் இரண்டு: இது இல்லாமல் அடுத்த ஆண்டின் ஏதாவது ஒன்று நின்றுபோகுமா? இது வேறு பாடத்தில் ஏற்கெனவே வருகிறதா? இல்லாவிட்டாலும் எதுவும் நிற்காது, அல்லது வேறு பாடத்தில் ஏற்கெனவே வருகிறது என்றால் அது, யாருக்கு எவ்வளவு பிரியமான பாடமாக இருந்தாலும், சுருங்கட்டும். நாடு கட்டாயமாக்கியதை விட முடியாது, ஆனால் அதற்கு மூன்று வேளை போதுமா பத்து வேளை வேண்டுமா என்பது பெரும்பாலும் பள்ளியின் கையில்தான் இருக்கும்.

படி 7: அலகு, ஒரு பக்கத்தில்

ஒரு அலகுத் திட்டம் ஒரு பக்கத்தைத் தாண்டினால் வகுப்பில் யாரும் பார்க்க மாட்டார்கள். அதில் இருக்க வேண்டியவை: இதற்கு முன் பிள்ளைகளுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், இதன் முடிவில் என்ன செய்ய முடிய வேண்டும், அதை எந்த வேலையின் மூலம் கண்டுபிடிப்போம், எந்தத் தவறான எண்ணங்கள் எதிர்ப்படும், பாடவேளைகளின் வரிசை, முக்கியச் சொற்கள்.

மூன்றாவதை முதலில் எழுத வையுங்கள். அலகின் முடிவில் பிள்ளைகள் செய்யப்போகும் வேலை முடிவாகிவிட்டால் நடுவில் உள்ள செயல்பாடுகள் தானாகச் சுருங்கும். நீளம் அலகின் முடிவில் ‘வகுப்பறைக்கு ஒரு புத்தக அலமாரி வைக்க எந்தச் சுவரில் இடம் போதும்? அளந்து, வரைந்து, காரணம் சொல்’ என்பது வேலை என்றால், அச்சுப் பயிற்சித்தாள்களில் பாதிக்கு அங்கே வேலை இல்லை.

பல பாடங்களை ஒரு தலைப்பில் இணைப்பது இப்போது எல்லோருக்கும் பிடித்த விஷயம். செய்யலாம், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு. ‘வண்ணத்துப்பூச்சி’ என்று தலைப்பு வைத்து, மொழியில் வண்ணத்துப்பூச்சிப் பாட்டு, கணக்கில் வண்ணத்துப்பூச்சிகளை எண்ணுவது, ஓவியத்தில் அதற்கு வண்ணம் தீட்டுவது என்று போனால் பாடங்கள் இணையவில்லை, படம்தான் ஒன்றாக இருக்கிறது. நான்காம் வகுப்புப் பிள்ளை பூச்சி எண்ணுவதால் கணக்கில் எங்கே முன்னேறியது? ஒவ்வொரு பாடமும் தன் இழையில் ஒரு படி நகர்கிறதா என்று பாருங்கள். நகராத பாடத்தை அந்தத் தலைப்பிலிருந்து விடுவித்துவிடுங்கள். இரண்டு பாடங்கள் இயல்பாகச் சேர்வதே பெரிய விஷயம். ஒரு செடியின் வளர்ச்சியை வாரம் இருமுறை அளந்து, வரைபடமாக்கி, அறிவியல் குறிப்பாக எழுதுவதில் அளவீடும் அறிவியலும் இரண்டுமே முன்னேறுகின்றன.

உள்ளூர்ச் செய்திகளுக்கும் இதே உரைகல்தான். ஊரின் நீர்நிலை, தொழில், பழைய கட்டடம், பெரியவர்களின் நினைவுகள் எல்லாம் பள்ளியின் சொந்தக் கலைத்திட்டத்துக்கு உயிர் தருபவை. அவற்றை அலங்காரமாகச் செருகாமல், பிள்ளைகள் கேள்வி கேட்டு, தகவல் திரட்டி, ஒப்பிட்டுப் பார்க்கும் களமாக வைத்தால்தான் பயன்.

ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகள் சேர்ந்து படிக்கும் பள்ளிகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. அறிவியல், சமூக அறிவியல் அலகுகளை இரண்டாண்டுச் சுழற்சியில் வைக்கலாம்: இந்த ஆண்டு மூன்றும் நான்கும் சேர்ந்து ஒரு தொகுதி, அடுத்த ஆண்டு இன்னொரு தொகுதி. ஆசிரியரின் தயாரிப்புச் சுமை பாதியாகும். வாசிப்பையும் எண்களையும் மட்டும் இப்படிச் சுழற்றாதீர்கள். அவற்றில் ஒரு படி ஏறாமல் அடுத்ததில் கால் வைக்க முடியாது.

படி 8: வகுப்பில் சோதித்துப் பார்ப்பது

அலகு எழுதிய பருவத்திலேயே அதை நடத்த வேண்டும். ஜப்பானிய ஆசிரியர்களின் பாட ஆய்வு முறை இங்கே அருமையாகப் பொருந்தும்: சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் உட்கார்ந்து கவனிப்பார்கள், பிறகு எல்லோரும் பேசுவார்கள். கவனிப்பவர்கள் ஆசிரியரைப் பார்ப்பதில்லை, பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். நீங்கள் வகுப்பில் உட்காரும்போதும் அப்படியே செய்யுங்கள். இரண்டு பிள்ளைகளைத் தேர்ந்து அவர்கள் எழுதுவதை, பக்கத்துப் பிள்ளையிடம் சொல்வதை, எங்கே நின்றுபோனார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்பேச்சில் ‘நீங்க நல்லா நடத்தினீங்க’ என்று தொடங்க வேண்டாம். ‘இரண்டாவது வரிசையில இருந்த பொண்ணு துண்டுகளை இடைவெளி விட்டு அடுக்கிட்டு, விடையைப் பார்த்துட்டு திரும்ப அடுக்கினா’ என்று தொடங்குங்கள். ஆசிரியர் தற்காப்பில் இறங்க மாட்டார், பேச்சும் பாடத்திலேயே இருக்கும்.

நடத்திய அன்றே திட்டப் பக்கத்தின் ஓரத்தில் தேதி போட்டு ஒரு வரி எழுதும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். ‘இரண்டு வேளை பத்தவில்லை, நான்கு ஆயிற்று’, ‘இந்தக் கேள்வியை முதலில் கேட்டிருக்கலாம்’ போன்ற வரிகள்தான் அடுத்த ஆண்டின் திருத்தம். தனியாக அறிக்கை கேட்டால் வராது.

மதிப்பீட்டுக்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஒவ்வொரு இழைக்கும் ஆண்டுக்கு இரண்டு மூன்று சோதனைக் கேள்விகள், படி 3இல் பார்த்த அளவுகோல் கேள்வி போன்றவை, எல்லா வகுப்புகளுக்கும். சரி தவறு எண்ணிக்கையைவிட எந்த வகைத் தவறு குறைகிறது என்பதைக் குறித்துவையுங்கள். 8 என்ற விடை குறைந்து 6 கூடியிருந்தால்கூட அது முன்னேற்றம்தான். மதிப்பெண் பட்டியலில் இது தெரியாது.

ஒரு எச்சரிக்கை. இந்த முடிவுகளை ஆசிரியர்களைத் தரவரிசைப்படுத்த யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்துவிட்டால் அதன்பின் எந்த வகுப்பிலிருந்தும் உண்மையான விடைத்தாள் மேசைக்கு வராது.

படி 9: ஆவணம்

கடைசியில் எழுதுவது இது. பள்ளியின் மூன்று நோக்கங்கள் ஒரு பக்கம், இழைகளின் வளர்ச்சி வரைபடம் பாடத்துக்கு ஒன்று, கால அட்டவணைக் கணக்கு, அலகுப் பக்கங்கள். முன்னுரை, வாழ்த்துரை எல்லாம் விருப்பம். பதிப்பு எண்ணும் திருத்திய மாதமும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் மூன்று பதிப்புகள் சுற்றிக்கொண்டிருக்கும். அலகுப் பக்கங்களைத் தைத்துப் புத்தகமாக்க வேண்டாம், கழற்றி மாட்டும் கோப்பில் வையுங்கள்.

பெற்றோருக்கு வகுப்புக்கு ஒரு பக்கம் போதும்: இந்த ஆண்டு பிள்ளை என்ன செய்யக் கற்பான், வீட்டில் அதை எப்படிக் கவனிக்கலாம். ‘பாடநூல்ல பத்தாவது பாடத்தை ஏன் முதல்ல நடத்துறீங்க?’ என்ற கேள்வி நிச்சயம் வரும். பதில் அந்தப் பக்கத்திலேயே இருந்தால் ஆசிரியருக்குத் தலைவலி மிச்சம்.

படி 10: விலகுவது

முதல் ஆண்டில் மாதம் ஒருமுறை, இரண்டாம் ஆண்டில் பருவத்துக்கு ஒருமுறை, மூன்றாம் ஆண்டில் அவர்கள் கூப்பிட்டால் மட்டும் என்று வருகையைக் குறையுங்கள். இரண்டாம் ஆண்டில் அமர்வை நடத்துவது நீங்களாக இருக்கக் கூடாது. குழுவில் ஒருவர் நடத்தட்டும், நீங்கள் பின்னால் உட்காருங்கள். நீங்கள் வராத ஒரு மாதத்தில் அவர்களாகவே ஒரு சீட்டை இடம் மாற்றி ஒட்டியிருந்தால் வேலை தன் காலில் நிற்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

ஆண்டு மீள்பார்வைக்கு ஒரு நாளைப் பள்ளி நாட்காட்டியிலேயே அச்சிடச் சொல்லுங்கள். ஆண்டு முடிந்த களைப்பில் வைக்காமல், கடைசிப் பருவத்தின் நடுவில் வைப்பது நல்லது, மாற்றங்கள் அடுத்த ஆண்டுக் கால அட்டவணைக்குள் நுழைய நேரம் இருக்கும். அன்று மேசையில் ஓரக்குறிப்புகள் உள்ள அலகுப் பக்கங்களும் பிள்ளைகளின் குறிப்பேடுகளும் மட்டும் இருக்கட்டும்.

மிச்சம் இருப்பது இடமாற்றம். தலைமையாசிரியரோ முக்கியமான இரண்டு ஆசிரியர்களோ மாறிப் போனால் பல பள்ளிகளில் எல்லாம் அதோடு முடிந்துவிடுகிறது. இதற்கு முன்கூட்டியே ஒரு ஏற்பாடு செய்யுங்கள். புதிதாக வருபவரின் முதல் வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, குழுவில் உள்ள சக ஆசிரியர் ஒருவர், ஒரு இழையின் வரைபடத்தையும் ஐந்து வகுப்புகளின் குறிப்பேடுகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஏன் இந்த வரிசை, எதை ஏன் விட்டோம் என்று சொல்லிக் காட்ட வேண்டும். புதியவருக்கு அதில் உடன்பாடு இல்லையென்றால் தன் காரணத்தை ஒரு சீட்டில் எழுதி அந்தக் கட்டத்திலேயே ஒட்டிவைக்கட்டும், மீள்பார்வை நாளில் எடுத்துப் பேசலாம்.